வலது கட்டம்

துப்பாக்கியைக் கீழே போடு என்று நான் எந்தப் பையனிடமும் சொன்னதில்லை. சொல்லக் கூடாது என்பதுதான் எங்கள் சிகிச்சையின் முதல் விதி. சொன்னால் மட்டும் கேட்டுவிடுவார்களா என்ன? பெற்றவர்கள் சொல்லியாயிற்று, பங்குச் சாமியார் சொல்லியாயிற்று, போலீஸ்காரர்கள் லத்தியாலும் சொல்லிப் பார்த்தாயிற்று. எல்லாவற்றையும் இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட்டுவிட்டு, இடுப்பில் அச்சைச் செருகிக்கொண்டுதான் டீக்கடைக்குப் போனார்கள்.

அச்சு என்றால் எங்கள் சங்குமுனையில் துப்பாக்கி என்று அர்த்தம். வீட்டில் வைத்தே பொருள்களை அச்சடிக்கிற இயந்திரம், தையல் மெஷின் மாதிரி தெருவுக்கு நாலு என்று வந்த பிறகு ஏற்பட்ட பெயர். கொஞ்சம் பிளாஸ்டிக் சுருள், ஓர் ஆணி, ஒரு ஸ்பிரிங் இருந்தால் போதும். நாலைந்து குண்டு சுடும். சில நேரம் சுடுகிறவன் விரலையே கொண்டுபோய்விடும். ஆனாலும் இருபது வயதுப் பையன்களில் மூன்றில் ஒருவனிடம் அது இருந்தது. ஏன் வைத்திருக்கிறாய் என்று யாரைக் கேட்டாலும், "அவன் வச்சிருக்கான்லா?" என்பார்கள். அந்த அவனைக் கேட்டால் அவனும் அதையேதான் சொல்வான்.

இந்த ஊருக்குத்தான் அரசாங்கம் என்னை அனுப்பியது. என் பெயர் தமயந்தி, வயது நாற்பத்து நாலு, மனநல ஆலோசகர். பழைய மீன் ஏலக் கூடத்தின் மாடியில் ஓர் அறை, இரண்டு நாற்காலி, ஒரு மேஜை, ஒரு பெட்டி நிறையக் காதுப் பொட்டு. இவற்றை வைத்துக்கொண்டு பதினைந்திலிருந்து இருபத்தைந்து வயது வரை உள்ளவர்களின் பயத்தைக் குறைக்க வேண்டும். அந்தப் பொட்டைப் பற்றி டெரன்ஸ் முதல் நாளே துருவித் துருவிக் கேட்டான்.

டெரன்ஸுக்கு இருபது வயது. படகு எஞ்சின் பட்டறையில் வேலை. வந்து உட்கார்ந்ததிலிருந்து அவன் வலது கை சட்டைக்கு உள்ளேயே இருந்தது.

"இது என்னக்கா, ஒட்டுக் கேக்குற மிஷினா?"

"ஒட்டுக் கேக்காது தம்பி. காதுக்குப் பின்னால ஒட்டிக்கிட்டு உன் நாடியைப் பாக்கும். தோல் வேர்க்குதா, கை இடுப்புக்குப் போவுதான்னு பாக்கும். மூணும் சேர்ந்து வந்தா, என் குரல்ல உன் காதுக்குள்ள பேசும். நாம இங்க வாரத்துக்கு ரெண்டு தடவை உக்காந்து பழகப் போறதைத்தான் ஞாபகப்படுத்தும்."

"போலீசுக்குச் சொல்லிருமா?"

"சொல்லாது. அந்த நேரத்துக்குக் கொஞ்சம் முன்னயும் பின்னயும் கேட்டது மட்டும் பதிவாகும். ஏதாவது விபரீதம் ஆனாத்தான் அதைத் திறக்கலாம். அதுவும் நான் மட்டுந்தான்."

"அது பேசியும் நான் அச்ச எடுத்துட்டுப் போனா?"

"போ. யாரு வேண்டாம்னா? ஏன் எடுத்தேன்னு மறுநாள் எனக்குச் சொல்லு. அவ்வளவுதான்."

அவன் சிரித்துவிட்டான். கோயில் திருவிழாவில் போலி என்று தெரிந்தே சரக்கை வாங்குகிறவனின் சிரிப்பு அது. இருந்தாலும் அம்மா அழுததற்காக ஒட்டிக்கொண்டான்.

அவன் கதை ஊருக்கே தெரியும். மூன்று வருடத்துக்கு முன்னால் கால்பந்து இறுதிப் போட்டியில் ஒரு கோல் செல்லுமா செல்லாதா என்று கடற்கரைத் தெருவுக்கும் உப்பாத்துத் தெருவுக்கும் தகராறு வந்தது. அன்றைக்குக் கல் வீச்சோடு முடிந்தது. மறுவாரம் டெரன்ஸின் அண்ணனை யாரோ சுட்டுவிட்டார்கள். யார் என்று இன்று வரைக்கும் தெரியாது. ஆனால் கடற்கரைத் தெரு முழுக்க ஒரே பெயரைத்தான் சொன்னது, உப்பாத்துத் தெரு பெனிட்டோ. அன்றிலிருந்து பெனிட்டோ அச்சு இல்லாமல் வெளியே வரவில்லை. பெனிட்டோ எடுக்கிறான் என்று டெரன்ஸும் எடுத்தான்.

டெரன்ஸ் புதனும் சனியும் வருவான். அவனுக்குத் தெரியாதது ஒன்று உண்டு. செவ்வாயும் வெள்ளியும் அதே நாற்காலியில் பெனிட்டோ வந்து உட்கார்ந்துகொண்டிருந்தான்.

பெனிட்டோ ஐஸ் பிளாண்டில் பாளம் ஏற்றுகிறவன். இருபத்தொரு வயதிலேயே தோள் இரண்டும் மரத்துப்போயிருந்தது. "நான் சுடலக்கா. அந்நேரம் நான் வேளாங்கண்ணியில மொட்ட போட்டுட்டு இருந்தேன். சொன்னா எவன் நம்புதான்?" என்று முதல் நாளே சொன்னான். நான் நம்பினேன். நாலாவது வாரத்தில் அவன் ஒரு நாள் அச்சை வீட்டில் வைத்துவிட்டு வந்தான், படியேறும்போதே முகம் வெளுத்திருந்தது. வழியில் இரண்டு தடவை என் குரல் அவன் காதுக்குள் பேசியிருக்கிறது. "நின்னு மூச்ச விட்டேன். நாலு எண்ணுனேன். ஒண்ணும் ஆவல," என்றான். அதற்குப் பிறகு அவன் அதைத் தொடவே இல்லை.

எங்கள் சிகிச்சையில் ஒரு தாள் உண்டு. நடுவில் கோடு போட்டு இரண்டு கட்டம். மேலே உன் பயத்தை எழுத வேண்டும். இடது கட்டத்தில் அது உண்மை என்பதற்கான ஆதாரம், வலது கட்டத்தில் அது உண்மையில்லை என்பதற்கான ஆதாரம். கேள்விப்பட்டது கூடாது, கண்ணால் பார்த்ததைத்தான் எழுத வேண்டும். வலது கட்டம் நிறைய நிறையக் கை இடுப்புக்குப் போவது குறையும். பெனிட்டோவின் வலது கட்டம் வாரத்துக்கு வாரம் நிறைந்தது. டெரன்ஸினுடையது ஏழாவது வாரம் வரை வெள்ளையாகவே இருந்தது.

"வலதுல எழுத ஒண்ணுங் கெடையாதுக்கா," என்றான். "பெனிட்டோ அச்சு இல்லாம வெளிய வரமாட்டான். அவன் எடுக்குற வரைக்கும் நானும் எடுப்பேன். நீங்களா வந்து எனக்குக் காவல் நிப்பிய?"

"அவன் எடுக்கிறதை நீ பாத்தியா?"

"பாக்கணுமா என்ன?"

"பாக்காததை எழுதக் கூடாதுன்னு பேசியிருக்கோம்ல? இந்த மாசத்துல பாத்தியா?"

அவன் யோசித்தான். "இந்த மாசம் பாக்கல."

"அப்ப, அவன் இப்ப எடுக்கறதில்லைன்னு வச்சுக்கயேன்."

டெரன்ஸ் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். மூளை உள்ள பையன். "எப்பிடிக்கா சொல்லுதிய?"

சும்மா ஒரு உதாரணத்துக்குச் சொன்னேன் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். ஒருவர் இங்கே வருவதே இன்னொருவருக்குத் தெரியக் கூடாது என்பது எங்கள் இரண்டாவது விதி. நானோ பேனாவை எடுத்து அவன் பக்கம் நகர்த்தினேன். இரண்டு பையன்களும் ஒருவனை ஒருவன் நினைத்துப் பயந்து சாகிறார்கள், ஒருவன் ஏற்கெனவே வெறுங்கை, அந்த ஒரு வரி தெரிந்தால் இன்னொருவனும் விட்டுவிடுவான். என் கையில் மருந்தை வைத்துக்கொண்டு எப்படிக் கொடுக்காமல் இருப்பது? அன்றைக்கு எனக்கு அப்படித்தான் பட்டது. என் தொழிலில் தெரிந்துகொண்டதை வைத்து நான் செய்த தப்பு அது. வேறு யாரும் அதைச் செய்திருக்க முடியாது.

வலது கட்டத்தில் டெரன்ஸ் எழுதினான்: 'அவனிடம் இப்போது இல்லை.'

மறுவாரம் அவன் தன் அச்சை அரிசி டிரம்முக்குள் போட்டு மூடிவிட்டு வந்தான். சட்டைக்கு வெளியே தொங்கிய அவன் வலது கையை அன்றுதான் முழுசாகப் பார்த்தேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது, அதை மறைக்கத் தண்ணீர் குடித்தேன். மாவட்டத் திட்ட அலுவலர் குணசீலன் போன் செய்து, "மேடம், உங்க சென்டர்ல அச்சு எடுத்த நாள் எழுபது சதவீதம் குறைஞ்சிருக்கு. மேலிடத்துல ஒரே சந்தோஷம்," என்றார். எனக்கும் தலைகால் புரியவில்லை.

டெரன்ஸுக்கு ஒரு மாமா, சில்வஸ்டர். டெரன்ஸின் அண்ணனை மகன் மாதிரி வளர்த்தவர். வெறும் இடுப்போடு மருமகன் தெருவில் நடப்பதைப் பார்த்து அவருக்குப் பதறியிருக்கிறது. "ஏல, அறிவு கெட்டுப்போச்சா? அவன் போட்டுத் தள்ளிருவாம்ல," என்று கத்தியிருக்கிறார். மாமாவைச் சமாதானப்படுத்த டெரன்ஸ் அந்த ஒரு வரியைச் சொன்னான். என்னிடமிருந்து அவன் வாங்கிய அதே வரி.

சில்வஸ்டருக்கு வயது நாற்பத்தொன்று. எங்கள் திட்டம் இருபத்தைந்தோடு முடிந்துவிடுகிறது.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு ஐஸ் பிளாண்ட் வாசலில் வைத்து அவர் பெனிட்டோவைச் சுட்டார். சுட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்து, போலீஸ் வரும்வரை பீடி குடித்தாராம்.

பதிவைத் திறக்க வேண்டியவள் நான். சாயந்திரம் அறையைப் பூட்டிக்கொண்டு கேட்டேன். முதலில் ஐஸ் அரைக்கும் சத்தம். பைக் ஒன்று வந்து நின்றது. பெனிட்டோவின் மூச்சு மாறியது. அவன் கை இடுப்புக்குப் போயிருக்க வேண்டும், அங்கே ஒன்றும் இல்லை. பொட்டுக்குக் கண் கிடையாது. எதிரே நிற்பது யார் என்று அதற்குத் தெரியாது. நாடி துடிக்கிறது, தோல் வேர்க்கிறது, கை போகிறது, அவ்வளவுதான் தெரியும். அது என் குரலில் பேசியது.

"பெனிட்டோ, உடம்பு பயப்படுது. பயம் வந்ததனால ஆபத்து வந்துட்டதா அர்த்தமில்ல. ஓடாத. நின்ன இடத்துலயே நில்லு. மூச்சை விட்டு, நாலு எண்ணு."

"அக்கா, இது டெரன்ஸு மாமா..." என்றான் பெனிட்டோ.

"எண்ணு," என்றது என் குரல். எவ்வளவு கனிவாக இருந்தது தெரியுமா! அந்தக் கனிவு வரும்வரை ஒலிப்பதிவுக் கூடத்தில் பதினோரு தடவை பேசவைத்தார்கள்.

அவன் எண்ணினான். ஒண்ணு. ரெண்டு. மூணு.

ஓடியிருந்தால் பிழைத்திருப்பான். பிளாண்டின் பின்வாசல் திறந்துதான் கிடந்தது. அவனைப் பிடித்து நிறுத்தியது நான்தான், இதை நான் யாரிடம் போய்ச் சொல்வது?

சொல்லிப் பார்த்தேன். நடந்ததையெல்லாம் எழுதி, என் மேல் நடவடிக்கை எடுக்கச் சொல்லிக் குணசீலனிடம் நேரில் கொடுத்தேன். அவர் கெட்டவர் இல்லை. இரண்டு முறை படித்துவிட்டுத் தாளை மடித்து என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

"மேடம், இது வெளிய போனா திட்டம் நின்னுரும். உங்ககிட்ட மட்டும் நூத்தி நாப்பது பசங்க இருக்காங்க. நாளைக்கே எல்லாரும் திரும்ப எடுப்பாங்க. அதுல எத்தனை பேர் சாவாங்கன்னு உங்களுக்கே தெரியும்."

"பெனிட்டோ?"

அவர் கணினியைப் பார்த்தார். "அவர் கடைசி முப்பது நாள்ல ஒரு நாள்கூட எடுக்கல. கணக்குப்படி..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். கணக்குப்படி பெனிட்டோ எங்கள் வெற்றி.

சனிக்கிழமை டெரன்ஸ் வந்தான். நாற்காலியில் உட்காராமல் தரையில் உட்கார்ந்தான். "நாந்தாங்க்கா மாமாகிட்ட சொன்னேன். அவன் கையில இல்லன்னு நாந்தான் சொன்னேன்," என்று தலையில் அடித்துக்கொண்டான். நானும் எதிரே தரையில் உட்கார்ந்தேன். "உன்கிட்ட சொன்னது நான்," என்றேன். அதைக் கேட்டு அவன் எனக்காகவும் சேர்த்து அழுதான். அதன் பிறகாவது அச்சை எடுத்துக்கொள்வான் என்று பார்த்தேன். ஆசைப்பட்டேன் என்றுகூடச் சொல்லலாம். அவன் எடுக்கவில்லை. ஒருத்தன் வெறுங்கையோடு செத்துக்கிடக்கும்போது தான் மட்டும் எப்படி எடுப்பது என்றான். புதனும் சனியும் தவறாமல் வந்தான். எடுக்காத நாள்களை எண்ணத் தொடங்கினான்.

பெனிட்டோவின் முப்பதாம் நாள் பூசை முடிந்து வந்த செவ்வாய்க்கிழமை, அவன் அம்மா செலின் மாடியேறி வந்தாள். கூடவே இளைய மகன் ஆல்ட்ரின், பதினேழு வயது, நன்றாக வகிடெடுத்துத் தலைசீவி அமைதியாக வந்தான்.

"எம்புள்ள கடைசியா ஒங்ககிட்டதாம் பேசுனானாம்லம்மா. போலீஸ்ல சொன்னாவ. அவன் சத்தத்த ஒருக்க கேக்கலாமா?" என்றாள்.

மறுக்க எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? ஆனால் என் குரலை அவளுக்குக் கேட்கவைக்கத் துணிவில்லை. அவன் எண்ணுகிற இடத்தை மட்டும் போட்டுக் காட்டினேன். ஒண்ணு, ரெண்டு, மூணு. செலின் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"அழல," என்றாள். "சத்தம் நடுங்கக்கூட இல்ல, பாத்தியளா? ஒங்கள நெனச்சிக்கிட்டு தைரியமா இருந்துருக்கான்." பிறகு இளையவனை முன்னால் தள்ளினாள். "இவனுக்கும் அந்தப் பொட்ட ஒட்டிவிடுங்கம்மா. அண்ணன் போனதுல இருந்து அச்சு இல்லாம படி எறங்க மாட்டேங்கான். நேத்து அவனாவே, அம்மா நானும் அந்த அக்காட்ட போறேன்னு சொல்லிட்டான். இந்த ஒண்ணையாச்சும் எனக்கு மிச்சம் வையுங்க."

அவளைக் கீழே கூடத்தில் உட்காரச் சொல்லிவிட்டு ஆல்ட்ரினை நாற்காலியில் உட்காரவைத்தேன். அவன் காதுக்குப் பின்னால் பொட்டை ஒட்டினேன். அவன் எல்லாவற்றுக்கும் மரியாதையாகப் பதில் சொன்னான். போன மாதத்தில் அச்சு எடுத்த நாள்? முப்பது. இப்போது இருக்கிறதா? இருக்கிறது. எதற்காகப் பயப்படுகிறாய்? இதற்கு மட்டும் எதிர்க் கேள்வி கேட்டான்.

"டெரன்ஸ் அண்ணன் எந்தெந்தக் கெழம வாறாவக்கா?"

"இங்க யாரு வர்றாங்க, யாரு வரலைன்னு நாங்க சொல்றதில்ல தம்பி."

"சரி," என்று தலையாட்டினான். "அப்ப எங்கண்ணன் கையில இல்லன்னு மட்டும் அவுகளுக்கு எப்பிடித் தெரிஞ்சுது?"

என் முகத்தில் என்ன தெரிந்ததோ, அவனுக்கு அது போதுமாக இருந்தது. எழுந்து கும்பிட்டுவிட்டுப் போனான். என் முன்னால் திரையில் அவனுடைய நாடி ஓடிக்கொண்டிருந்தது. ஒரு ஏற்ற இறக்கம் இல்லை, கைகள் இரண்டும் மடியிலேயே இருந்திருக்கின்றன. பொட்டு பயத்தைத்தான் கண்டுபிடிக்கும். அவனுக்குப் பயமே இல்லை.

குணசீலனைக் கூப்பிட்டேன். "கொல்லப் போறேன்னு சொன்னானா மேடம்?" என்று கேட்டார். இல்லை. "பேர் சொல்லி மிரட்டினானா?" இல்லை, எந்தக் கிழமை என்று கேட்டான். "அதை வச்சு போலீஸ்ல என்ன எழுதறது? போனா முதல்ல பையன்கிட்ட இருக்கிற அச்சுக்காக உள்ள தள்ளுவாங்க. சிகிச்சைக்குன்னு நம்பி வந்தவனைக் காட்டிக்கொடுத்தோம்னா நாளைக்கு எவன் படியேறுவான்? நான் மேல கேட்டுச் சொல்றேன்," என்று வைத்துவிட்டார்.

மறுநாள் புதன். காலை பதினொரு மணிக்கு டெரன்ஸ் இந்தப் படியேறி வருவான். உண்மையைச் சொன்னால் அவன் கை அரிசி டிரம்முக்குள் போகும். பதினேழு வயதுப் பையன் ஒருவன் சாவான், இல்லை இரண்டு பேரும் சாவார்கள். சொல்லாவிட்டால் டெரன்ஸ் சாவான். ஒரு மணி நேரம் அங்குமிங்கும் நடந்துவிட்டு, கடைசியில் கோழை செய்கிற காரியத்தைச் செய்தேன். போன் செய்து பொய் சொன்னேன்.

"டெரன்ஸ், நாளைக்கு நீ வர வேண்டாம்ப்பா. எனக்குக் காய்ச்சல். ஒரு வாரத்துக்கு சென்டர் கிடையாது."

"காய்ச்சலா? எப்ப இருந்துக்கா?" பட்டறையில் எஞ்சின் ஓடும் சத்தத்தை மீறிக் கத்தினான். "இப்ப எங்க இருக்கிய? சென்டர்லயா? ஒத்தையிலயா?"

"ஆமா, கிளம்பப் போறேன். ஒண்ணுமில்ல."

"காய்ச்சலோட எப்பிடிப் போவிய? இருங்க, நான் வாறேன். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன். உப்பாத்துத் தெரு வழியா வந்தா பத்தே நிமிசம்."

"அந்த வழியா வராத!" என்று கத்திவிட்டேன். "டெரன்ஸ், நீ எங்கயும் வர வேண்டாம். சொன்னாக் கேளு."

அவன் சிரித்தான். முதல் நாள் சிரித்த சிரிப்பு இல்லை. நோயாளியைத் தேற்றுகிறவனின் சிரிப்பு.

"நீங்க ஏங்க்கா பயப்படுதிய? இன்னையோட ஐம்பத்தாறு நாள் ஆச்சு. இப்பல்லாம் எங்க போனாலும் வெறுங்கையோடதான் போறேன். அந்தத் தெருவுலயும் அப்பிடித்தான் வருவேன். நீங்கதான பழக்குனிய?"

அவன் குரலில் அவ்வளவு பெருமை இருந்தது. இல்லடா, அங்க ஆல்ட்ரின் அச்சோட இருக்கான்டா என்று நான் சொல்ல வாயெடுத்தபோது பைக் கிளம்பும் சத்தம் கேட்டது. திரும்பத் திரும்பக் கூப்பிட்டேன். வண்டி ஓட்டும்போது அவன் போனை எடுப்பதில்லை.